தகரப் பெட்டியில் இருந்த நகல்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துகள் இடது பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பிழைகளும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதே கையெழுத்துக்காக நான் வேறொருவனிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு நாலரை வருஷம் பிடித்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதில் யாருடைய பெயரும் வராது. ஊர்ப் பெயரும் வராது. கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஊர், கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு தெரிந்தால் போதும். ஒருவருடைய பெயரும் படமும் ஒரு தாளில் ஏறிவிட்டால் அந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். சாமை அறுப்பு முடிந்ததும் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் போய்விடுவார்கள். மேஸ்திரி ஒருவர் வந்து ஆள் சேர்த்து அழைத்துப் போவார். திரும்பி வர மூன்று நாலு மாதம் ஆகும். நானும் ஒரு வருஷம் போனேன். முப்பது பேர் ஒரே கொட்டகையில் படுப்பதும், குழம்பு வேண்டுமென்றால் வரிசையில் நின்று சத்தமாகக் கேட்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. குழம்பு கேட்கக் கூச்சப்பட்டுப் பல நாள் வெறும் சோறு தின்றேன். அடுத்த வருஷம் கால் வலி என்று சொல்லிவிட்டு ஊரோடு இருந்துகொண்டேன். அந்தக் கால் வலி இன்றைக்கும் எனக்கு இருப்பதாகத்தான் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது ஊரில் என் வீடு ஒன்றுதான் அரசாங்கம் கட்டிக் கொடுத்த, தளம் போட்ட தொகுப்பு வீடு. மற்றதெல்லாம் கூரை. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், வெயில் காலத்தில் எலி இறங்கும். ஒரு ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ரேஷன் கார்டைப் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து, உன் பெட்டியில் வை என்றார். முந்தின வாரம்தான் அவருடைய சாதிச் சான்றை எலி கால்வாசி தின்றிருந்தது. அவர் வைத்ததைப் பார்த்து அடுத்த வீடு வைத்தது. இரண்டு வருஷத்துக்குள் ஊர்க் காகிதம் முழுவதும் என் கல்யாணத் தகரப் பெட்டிக்கு வந்துவிட்டது. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, மிச்சப்பட்ட பாஸ்போர்ட் சைஸ் படங்கள், எல்லாம். என் மனைவியின் புடவைகள் பெட்டியை விட்டுக் கொடிக்கயிற்றுக்குப் போயின. ஒழுகாத வீடு என்பது ஒரு காரணம். நான் வாய் பேசாதவன் என்பது இன்னொரு காரணம். இவனிடம் கொடுத்தது வெளியே போகாது என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

எந்த ஆபீசுக்குப் போனாலும் நகல் கேட்பார்கள், அதில் கையெழுத்தும் கேட்பார்கள். கார்டுக்கு உரியவனோ குடகில் மரத்தின்மேல் இருப்பான். ஒரு கையெழுத்துக்காக அவன் மூன்று பஸ் மாறி வர முடியுமா? அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவனும் பத்துப் பத்து நகல் எடுத்து, கீழே முன்னதாகவே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். கையெழுத்து வராதவன் கைநாட்டு வைப்பான். மேலே இன்னாருக்கு, எதற்கு என்று ஒன்றும் இருக்காது. தேவைப்படும்போது அவன் வீட்டுப் பெண் வந்து ஒன்றை வாங்கிப் போவாள். வெற்று நகலில் கையெழுத்துப் போட்டு வைப்பது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விதைச் சாமையைக் குதிரில் எடுத்து வைக்கிற மாதிரி இதையும் எடுத்து வைத்தோம்.

மலையடிவாரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மஞ்சள் பையோடு நான் இறங்குவதைப் பார்த்தாலே மிஷினைப் போட்டுவிடுவார்.

"உங்க ஊரு ஆம்பளைங்க இருபது பேரு உன் பைக்குள்ளதான் குடித்தனம் பண்றாங்க" என்பார். "பஸ்ஸுல இன்னா ஒரு டிக்கெட்டுதான் எடுத்த?"

நான் சிரித்துவிட்டு ஒதுங்கி நிற்பேன்.

போட்டு வைத்த பத்தும் தீர்ந்து, ஆளும் ஊரில் இல்லை என்றால்? அப்போது நானே போட்டுவிடுவேன். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்து மலையிலேயே இருந்தவன் நான் ஒருவன்தான். நீயே போட்டுடு என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இன்னொருவன் பெயரை அவன் கையெழுத்தாக எழுதுகிறோம் என்கிற உறுத்தல் எனக்கு இருந்ததே இல்லை. பசு கன்று போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போய்ப் பால் கறந்து வைப்பதில்லையா, அது மாதிரி ஒரு உதவியாகத்தான் நினைத்தேன்.

அப்போது எங்களுக்கு விழுப்புரம்தான் மாவட்டத் தலைநகரம், கள்ளக்குறிச்சி தனியாகப் பிரியவில்லை. வாரச் சந்தையில் ஒரு செல்போன் கம்பெனிக்காரர் கலர் குடையை விரித்து, சின்ன மேசை போட்டு சிம் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பேன்ட், கழுத்தில் பட்டையோடு அட்டை, நல்ல பேச்சு. என் பெட்டியைப் பற்றி யார் சொன்னார்களோ, ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பேன்ட் போட்டவர் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தால், அவர் கேட்பதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் கேட்டது நியாயமாகவும் இருந்தது. குடகில் இருக்கிற ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு சிம் போட்டு அனுப்பிவிடலாம், வீட்டுப் பெண்கள் கூப்பிட்டுப் பேசலாம் என்றார். மேஸ்திரியின் போனில் வாரத்துக்கு ஒரு தடவை, அவர் பக்கத்தில் நிற்க, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிற பெண்களை நான் தினம் பார்க்கிறவன். பெட்டியைத் திறந்தேன். பதினோரு பேருடைய நகல்களை எடுத்தேன்.

அதில் என் மச்சானுடையதும் ஒன்று. என் மனைவிக்கு நேர் தம்பி. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன், ஆனால் ஊரையே சிரிக்க வைப்பான். கைநாட்டுக்காரன். கம்பெனிக்காரர் அவனுடைய நகலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைத்ததை மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கையெழுத்து இருந்தால்தான் பாஸ் ஆகும் என்றார். கைநாட்டு இல்லாத ஒரு நகல் அடியில் இருந்தது. அதை எடுத்து, அவர் நீட்டிய பேனாவை வாங்கி மச்சான் பெயரை எழுதினேன். படத்தின் மேலும் பாதி படும்படி எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

ஒன்பது சிம் வந்தன. இரண்டு பேருடையது பாஸ் ஆகவில்லை என்றார். மச்சானுடையது அந்த இரண்டில் ஒன்று. பாஸ் ஆகாத நகலைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். சில மாதத்தில் குடை வரவில்லை. பிறகு அந்தக் கம்பெனியே மூடிவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, பஸ் ஸ்டாண்டில் கட்டிய தோரணம்கூட அவிழ்க்காத சமயம் அது. சாமை அறுப்பு முடிந்து, மேஸ்திரிக்காகக் காத்திருந்தோம். காலையில் நான் தளத்தின்மேல் கடுக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. நம் பக்கத்து ஏட்டு ஒருவரும், வேறு மாநிலத்து போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். மச்சான் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டார்கள். ஊரே அவன் வாசலில் கூடிவிட்டது. நானும் போய்ப் பின்னால் நின்றேன்.

அந்த மாநிலத்துக் காட்டில் செம்மரம் வெட்டியவர்களைப் பிடித்தபோது ஒரு போன் கிடைத்ததாம். அதில் இருந்த நம்பர், கம்பெனி மாறின பிறகும், என் மச்சான் பெயரிலேயே இருந்ததாம். எங்கள் மலை ஆட்கள் என்றாலே மரம் வெட்டத்தான் வருவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஏட்டு தமிழில் கேட்டார்.

"இந்த நம்பர் உன்னுதுதான?"

"எங்கிட்ட போனே இல்லீங்க. வூட்டுலதான் ஒண்ணு இருக்குது, அதுவும் என் பொண்டாட்டி பேருல. நான் கேட்டா குடுக்கமாட்டா."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"உன் கார்டு. உன் படம். உன் கையெழுத்து. அப்புறம் இன்னா?"

"எனக்குக் கையெழுத்தே வராதுங்களே. கைநாட்டுதாங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றானுங்க" என்றார் ஏட்டு.

மச்சான் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து என்னிடம் நீட்டினான்.

"மாமா, நீ படிச்சவன். இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் சொல்லு."

வாங்கினேன். பாஸ் ஆகவில்லை என்று கம்பெனிக்காரர் சொன்ன அதே நகல். படத்தின்மேல் பாதி படும்படி, இடது பக்கமாகச் சாய்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன என் எழுத்துகள்.

"உன் பேருதான்" என்றேன்.

"யாரு எழுதுனது மாமா?"

"தெரியல மச்சான்."

அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேனோ தெரியாது. இவன் கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் வாய் வராது என்று ஊரில் எனக்கு ஒரு மன்னிப்பு எப்போதும் உண்டு. அன்றைக்கு வாய் வராமல் போகவில்லை. வந்தது, பொய் சொன்னது. நான்தான் எழுதினேன் என்றால் ஜீப்பில் அவனுக்குப் பதில் நான் ஏற வேண்டும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

மச்சானை ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் வந்தான். நடுவில் பொங்கல் வந்து போனது. என் மனைவி பொங்கலன்று பொங்கல் வைக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போய் அவன் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"உன் பொட்டியிலதான எல்லாம் இருந்துச்சி. எப்டிய்யா வெளிய போச்சி?"

ஜெராக்ஸ் கடையில் ஒரு காப்பி கூடுதலாக எடுத்திருப்பார்கள் என்றேன். இரண்டாவது பொய். ஒன்றும் அறியாத அந்த அம்மாவின்மேல் போட்டேன்.

மறுநாள் பெட்டியைக் காலி செய்தேன். ஒவ்வொரு வீடாகப் போய் அவரவர் காகிதத்தை அவரவரிடம் கொடுத்தேன். பெட்டி துருப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வாங்க மறுத்தார். "இன்னாடா, எங்க மேல கோவமா? உன் வூட்டுல இருந்தாதான் பத்திரம்" என்றார். கையில் திணித்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போட்டு வைத்திருந்த மிச்ச நகல்களை மட்டும் யாருக்கும் சொல்லாமல் அடுப்பில் போட்டேன். எரியும்போது முதலில் ஓரங்கள் சுருண்டன, கடைசியில்தான் முகங்கள் கருகின. கம்பெனிக்காரர் கொண்டுபோன மற்ற பத்துப் பேருடைய நகல்கள் எங்கே இருக்கின்றன என்று அப்போதும் எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

மச்சானைக் காப்பாற்றியது தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டருடைய வருகை நோட்டு. அந்த போன் காட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தது முந்தின தை, மாசியில். அந்த நாட்களில் அவன் குடகில் மிளகு பறித்திருக்கிறான். மேஸ்திரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். விட்டுவிட்டார்கள். விடுவதற்கு முன்னால் பத்து விரலையும் உருட்டி எடுத்தார்களாம். முன்னால், பக்கவாட்டில், முகத்தை மேலே தூக்கி என்று பல படம் எடுத்தார்களாம்.

"கல்யாணத்துக்குக்கூட எனக்கு இத்தினி போட்டோ எடுக்கல மாமா" என்றான் வந்த அன்றைக்கு. உடம்பு பாதியாக இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். கொரோனா வந்து இரண்டு வருஷம் யாரும் எங்கேயும் போகவில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு முதல் தடவை குடகுக்குக் கிளம்பியபோதுதான் தெரிந்தது. எல்லைச் சாவடியில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர், வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்து, கையிலிருந்த போனைப் பார்த்து, மச்சானை மட்டும் இறங்கச் சொன்னார். அவனுடைய படம் ஒரு பட்டியலில் இருந்தது. வழக்கில் அவன் இல்லை என்றார்கள், ஆனால் பட்டியலில் இருந்து அவனை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பட்டியல் ஒரு சாவடியில் இல்லை, எல்லாச் சாவடிக்கும் போயிருந்தது. அரை நாள் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள். அடுத்த வருஷம் இரண்டு நாள். கூடப் போனவர்கள் காத்திருக்க முடியாமல் போய்விட்டார்கள். மூன்றாவது வருஷம் மேஸ்திரியே, உன்னை ஏற்றினால் வண்டியே நிற்கிறது, மற்றவன் பிழைப்பும் கெடுகிறது, கோபித்துக்கொள்ளாதே என்று விட்டுவிட்டார். விடுவித்த காகிதத்தை அவன் சட்டைப் பையில்தான் வைத்திருந்தான். வியர்வையில் அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருந்தது. அவர்கள் போனில் இருந்த படமோ புதிதாகவே இருந்தது.

"என் மூஞ்சி எனக்கு முன்னாடியே போயி உக்காந்துக்கினு இருக்குது மாமா" என்றான். "நான் போறதுக்குள்ள அது எல்லாத்தையும் சொல்லிடுது."

அதற்குப் பிறகு அவன் கள்ளக்குறிச்சிக்குப் போவதையும் குறைத்தான். சின்னசேலத்தில் அவன் மனைவி வீட்டில் ஒரு கல்யாணம். அந்த ஊரில் ரயில் ஸ்டேஷன் உண்டு, அங்கே போலீஸ் இருக்குமே என்று போகவில்லை. அங்கே யாரும் அவனை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கே கேட்பார்கள், எங்கே கேட்க மாட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஊரைச் சிரிக்க வைத்தவன், அடுத்தவர் காட்டில் களை பறித்துவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறவனாக ஆனான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

போன ஆடி மாதம் விதை வாங்க கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பசி. ஒரு கடையில் பஜ்ஜி வாங்கினேன். பஜ்ஜியைத் தின்றுவிட்டு கையைத் துடைக்கும்போது தாளைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணுடைய ஆதார் நகல். எண்ணெயில் ஊறி முகம் மறுபக்கம் தெரிந்தது. ஓரத்தில் கைநாட்டு. அந்தத் தாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே போட மனம் வரவில்லை, அந்தப் பெண்ணைத் தேடிக் கொடுக்கவும் முடியாது. கடைக்காரரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை கிட்டே போய்த் திரும்பினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மலை வரைக்கும் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. என் மனைவி துவைக்கும்போது இது என்ன கறை என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். பஜ்ஜியில் ஆரம்பித்து, கம்பெனிக்காரர் பேனா வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் சட்டையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? போயி அவங்கிட்ட சொல்லு."

மச்சான் சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பறித்தேன். பாதி வரிசை போன பிறகு சொன்னேன்.

"அந்தக் கையெழுத்து நான் போட்டது."

எந்தக் கையெழுத்து என்று அவன் கேட்கவில்லை. கை மட்டும் களை பறித்துக்கொண்டே இருந்தது. வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"நாப்பது நாளு" என்றான். "ஒரு நாளாவது சொல்லலாம்னு தோணலியா?"

"தோணிச்சி."

"தோணி?"

நான் கையிலிருந்த களையின் மண்ணை உதறினேன்.

"உன்கிட்ட குடுத்தா வெளிய போவாதுன்னு ஊரே சொல்லிக்கினு இருந்துச்சி. நெசந்தான். நீ எழுதுனது எல்லா ஊருக்கும் போச்சி. நீ சொல்ல வேண்டியது மட்டும் வெளிய வரவே இல்ல."

களையை வரப்பில் எறிந்துவிட்டுப் போய்விட்டான். அந்தச் சாமை கதிர் பிடித்து, முற்றி, அறுக்கிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. கோவில் கூழுக்கும் எதிரெதிரே உட்கார்ந்தோம், பேசவில்லை. அறுப்பு முடிந்த மறுநாள் என் வாசலில் வந்து நின்றான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? ஆபீசுல சொல்லு மாமா. நானும் வரேன்."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். போகிற வழியில் அடிவாரத்து ஜெராக்ஸ் கடையில் இறங்கினோம். அந்த அம்மாவுக்கு இப்போது முடி நரைத்துவிட்டது. அவரிடமும் நடந்ததைச் சொன்னேன், அவர்மேல் போட்ட பொய்யையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. எங்கள் இருவர் கார்டையும் நகல் எடுத்து, என் கையில் பேனாவைக் கொடுத்தார்.

"குறுக்கால எழுது. எதுக்குக் குடுக்குற, யாருக்குக் குடுக்குற, தேதி. கார்டு மேலயே படுற மாரி எழுது. அப்பத்தான் வேற எதுக்கும் எடுக்கமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உன் பைய பாத்து சிரிச்சிக்கினு இருந்தனே, அன்னிக்கே இத சொல்லியிருக்கணும் நானு" என்றார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, முத்து முத்தாக எழுதித் தருகிறேன் என்றார். மச்சான் வேண்டாம் என்றான். என் மாமா கையால்தான் எழுத வேண்டும், அந்தக் கோணல் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்றான். அவர் பலகை மட்டும் கொடுத்தார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, இப்போது இதற்கெல்லாம் சட்டம் வந்திருப்பதாகச் சொன்னார். நம்மைப் பற்றிய விவரத்தை வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டுமாம்.

"போலீசுக்கும் உண்டுங்களா?" என்று மச்சான் கேட்டான்.

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அதை உள்ளே போய்க் கேட்டுப் பார் என்றார்.

உள்ளே மனுவை வாங்கியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாராவது நல்ல கையெழுத்துக்காரரிடம் எழுதி வாங்கி வரக்கூடாதா, இதை யார் படிப்பது என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர். மச்சான் என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தக் கையெழுத்துதாங்க சாட்சி" என்றேன். "நான்தான் எழுதுனது. அவன் இல்லீங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மனுவை முதலிலிருந்து படித்தார். அவனுக்காக நீயே கையெழுத்துப் போட்டாயா, அதுவும் குற்றம்தான் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். நகல் கேட்டார், கொடுத்தோம். கார்டின்மேல் குறுக்கே இருந்த என் எழுத்தைப் பார்த்து, ஏன் இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டார். பிறகு அதன்மேலேயே முத்திரை குத்தி, நம்பர் போட்ட ரசீதைக் கொடுத்தார். மேலே அனுப்புவோம், உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். பெயரை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டதற்கு, பட்டியல் எங்களிடம் இல்லை, அது எத்தனை இடத்தில் இருக்கிறதோ என்றார். அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்னும் யாரும் கூப்பிடவில்லை. மேஸ்திரி வந்துவிட்டார். மச்சான் போய்க் கேட்டிருக்கிறான். நீயும் உன் மாமாவும் சேர்ந்து வந்தால் ஏற்றுகிறேன், சாவடியில் பதில் சொல்ல அவர் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மச்சான் என்னிடம் வந்து, "உன் கால் வலி எப்டி மாமா இருக்குது?" என்று கேட்டான். அவன் பழைய மாதிரி கேலி பேசி வெகு நாளாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றேன்.

நாளைக் காலை பஸ். சாவடியில் அவனை இறங்கச் சொன்னால் நானும் இறங்க வேண்டும். அவர்கள் போனில் அவன் முகம் வந்ததும், அவன் இல்லீங்க, நான்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளாக மரவள்ளிக் காட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். அங்கே நன்றாக வருகிறது. அதற்கு மேல் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. என் விரலையும் உருட்டி எடுப்பார்களோ, என் படமும் ஒரு பட்டியலில் ஏறுமோ தெரியாது. என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாமைச் சோறு கட்டுகிறாள்.

வாய் வராமல் போனால் நீட்டுவதற்கு மனுவின் நகலும் ரசீதும் பையில் இருக்கின்றன. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்றதால் அதில் எழுத முடியாததை இந்த நோட்டில் எழுதினேன். முதல் பக்கத்தில் குறுக்கே, நடந்ததைச் சொல்வதற்கு மட்டும், வேறு எதற்கும் இல்லை என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா தேதியும் போடச் சொல்லியிருக்கிறார்.

கார்த்திகை மாதம் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை.